இல்லாத அணியுடன் ஓர் ஏலம்

டெனிஸ் வாசெக்குக்கு டிசம்பர் மாதம் பிடிக்காது. ஊரெல்லாம் விளக்குப் போட்டுப் பாட்டுப் பாடுகிற மாதம்தான். ஆனால் பேஸ்பால் அணியின் பொது மேலாளருக்கு அது தூக்கமும் செரிமானமும் சேர்ந்து கெடுகிற மாதம். களத்தில் ஆட்டம் இல்லாத காலம் என்றால் ஓய்வுக்காலம் என்று நினைப்பவர்கள் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கிறவர்கள். ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இலையுதிர் காலத்தோடு முடிவது நிம்மதி மட்டும்தான்.

இந்த வருடம் ஓமஹா நாரைகள் அணிக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஓர் அணிக்கு ஐந்து தொடக்க வீச்சாளர்கள், அதாவது பிட்சர்கள், வேண்டும். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து கை ஓயும்வரை வீசுகிறவர்கள். இன்றைக்கு ஒருவர் வீசினால் அடுத்த சில நாட்கள் அவர் கையைப் பச்சைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டு மற்ற நால்வரை வைத்து ஓட்டவேண்டும். அந்த ஐந்தில் மூன்று போய்விட்டது. ஒருவருக்கு முழங்கைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை. இன்னொருவர் ‘குடும்பத்தோடு நேரம் செலவிட விரும்புகிறேன்’ என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு, கூடுதல் சம்பளத்துக்கு ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தார். குடும்பம் இன்னும் ஓமஹாவில்தான் இருக்கிறது. மூன்றாமவர் தேனீ வளர்க்கப் போய்விட்டார். போட்டி அணியாக இருந்தால் எதிர்த்து விலை பேசலாம். தேனீயிடம் என்ன பேசுவது?

மிச்சமிருந்த இருவரில் ஒருவர் ஒவ்வொரு பந்துக்கு முன்பும் ஜெபம் செய்வார். மற்றவர் பந்து வீச வரவேண்டும் என்று எதிரணி ஜெபம் செய்யும்.

அணியின் முதலாளியம்மா லோரெய்ன் டீட்ஸ். மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் ‘ஆப்பிள் பை’யை உறைய வைத்து விற்று ஒரு பேஸ்பால் அணியையே வாங்கிய குடும்பம். டெனிஸ் நாஷ்வில்லுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

“ஒரு நல்ல பிட்சர் இல்லாம திரும்பி வந்தேன்னு வை, டெனிஸ், என் ஃபாக்டரியில மாவு பிசையறதுக்குக்கூட உனக்கு வேலை கிடையாது.”

“சரி, லோரெய்ன்.”

“பத்திரிகைக்காரன் எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. உனக்கு முன்னாடி இருந்தவன் எதனால போனான்னு ஞாபகம் இருக்கில்ல?”

இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு நிருபரிடம் ஒரே ஒரு செய்தியைக் கசியவிட்டதற்காக, மதிய உணவுக்கும் தேநீருக்கும் நடுவில் வேலையை இழந்தவர். லோரெய்னுக்கு இருந்தது அந்த ஒரே சட்டம்தான். என் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று ஊருக்குச் சொல்லாதே.

வருடா வருடம் டிசம்பரில் முப்பது அணிகளின் மேலாளர்கள், ஆட்டக்காரர்களின் முகவர்கள், நிருபர்கள் எல்லோரும் ஒரே ஹோட்டலில் கூடுவார்கள். இந்த முறை நாஷ்வில். கண்ணாடிக் கூரைக்கு அடியில் மரங்களும் ஒரு பொய் ஆறும் வைத்துக் கட்டிய பெரிய ஹோட்டல். ஒரே மண்டபத்தில் முப்பது வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்தது போல, யார் யாரோடு காபி குடிக்கிறார்கள் என்பதை மற்ற எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் டெனிஸ் தற்செயலாக ஒரு முகவரோடு லிஃப்டில் ஏறினார். அவர் மாடிக்குப் போய் இறங்குவதற்குள் நாரைகள் ஓர் ஆட்டக்காரரை எடுத்துவிட்டதாகச் செய்தி பரவி, அந்த ஆட்டக்காரரின் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னாள். இல்லை என்று சொல்ல டெனிஸுக்கு மனம் வரவில்லை. ‘பரவாயில்லைம்மா’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் இந்த முறை அவர் வெறுங்கையோடு வரவில்லை. அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது.

யாதிர் கிஹாதா. வெனிசுலாக்காரர், இடதுகை. ஒரு காலத்தில் புயல். பிறகு தோள்பட்டை கிழிந்து, தைத்து, எந்த அணியும் சீந்தாமல் போனவர். நவம்பரில் டெனிஸ் வேறு யாரையோ பார்க்க வெனிசுலாவின் மரகாய் நகரத்துக்குப் போனபோது, அங்கே குளிர்கால ஆட்டத்தில் இவர் வீசிக்கொண்டிருந்தார். வேகம் சுத்தமாகப் போயிருந்தது. பதிலுக்கு ஒரு மெதுவான பந்து முளைத்திருந்தது. அரசாங்க அலுவலகத்துக் கோப்பு மாதிரி அது ஆடி அசைந்து வந்தது. எதிரே நின்றவன் மட்டையைச் சுழற்றி முடித்து, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, கீழே உட்கார்ந்த பிறகு நிதானமாக அவனைக் கடந்து போனது. டெனிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிஹாதாவின் முகவர் நீனா அரோச்சா என்ற பெண். அவளிடம் இருந்த ஒரே ஆட்டக்காரர் கிஹாதா. மற்ற நேரங்களில் மயாமியில் வீடு விற்றுக்கொண்டிருந்தாள். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் மருத்துவர் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. புதன்கிழமை கிஹாதா ஓமஹா வந்து ஸ்கேன் எடுப்பதாக ஏற்பாடு. அதுவரை அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. கரையோரத்துப் பணக்கார அணி ஏதாவது மோப்பம் பிடித்தால், டெனிஸின் கையில் மிஞ்சுவது மாத்திரை டப்பா மட்டும்தான். வயிற்றெரிச்சலுக்கான அந்த வெள்ளை மாத்திரைகளை அவர் வேர்க்கடலை மாதிரி மென்றுகொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை உணவின்போது வீச்சுப் பயிற்சியாளர் ஆம்ப்ரோஸ் டலி வந்து எதிரே உட்கார்ந்தார். அணியில் அந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான்.

“திரும்பிப் பாக்காத,” என்றார் ஆம்ப்ரோஸ்.

டெனிஸ் திரும்பிப் பார்த்தார்.

“பாக்காதன்னா பாக்கறதுக்குன்னே பொறந்தவன்யா நீ! அந்தக் கரையோரத்துப் பணக்காரப் பசங்க. போன வாரம் அவங்க ஆள் ஒருத்தன் மரகாய்ல இருந்தானாம்.”

“எதுக்கு?”

“கடல்ல குளிக்க இருக்கும்.”

“மரகாய்ல கடல் இல்லையே.”

“அதான் எனக்கும் இடிக்குது.”

டெனிஸ் தட்டைத் தள்ளி வைத்தார். இரண்டு மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக்கொண்டார். பணக்காரர்கள் தேடுவதும் தொடக்க வீச்சாளரைத்தான். அவர்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பவேண்டும். அங்கேதான் கேட் ஹோல்ம்க்விஸ்ட் ஞாபகம் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட வீச்சாளர் ஹோல்ம்க்விஸ்ட். மின்னசோட்டாப் பையன், சினிமா முகவாய், கண்ணுக்குத் தெரியாத வேகம். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு எல்லோரும், கடை சாத்துகிற நேரத்தில் மீன் வாங்குகிறவர்களைப்போல, இறங்கட்டும் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு புது ஆள் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தால் போதும். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள்.

இதற்கென்றே அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ‘மர்ம அணி’. பெயர் தெரியாத ஓர் அணி திடீரென்று ஓர் ஆட்டக்காரரைப் பலமாகக் கேட்கிறது என்று செய்தி வரும். பெரும்பாலும் அப்படி ஓர் அணி இருக்காது. விலையை ஏற்ற முகவர்கள் கட்டிவிடும் கதை. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் எல்லோரும் பயப்படுவார்கள்.

பொய் ஆற்றங்கரையில் நிருபர் கிப் லாண்ட்ரி தனியாக நின்றிருந்தான். பேஸ்பால் உலகத்தில் பாதிப் பேர் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவன் போடுவதைப் படிப்பார்கள். டெனிஸ் மீன்களைப் பார்ப்பது போல் அவன் பக்கத்தில் போய் நின்றார். ஆற்றில் மீன் இல்லை.

“கிப், ஒண்ணு சொல்றேன். என் பேரு வரக்கூடாது.”

“உங்க பேரப் போட்டா எவன் படிக்கப் போறான், டெனிஸ்? சொல்லுங்க.”

“ஹோல்ம்க்விஸ்ட்ட ஒரு டீம் பலமா கேக்குது. யாருமே எதிர்பாக்காத டீம்.”

“எந்த டீம்?”

“அத என்னால சொல்ல முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மை என்பதில் டெனிஸுக்கு ஒரு சின்ன திருப்தி. கிப்பின் கட்டைவிரல்கள் அதற்குள் போனில் ஓடிக்கொண்டிருந்தன.

மருந்து உடனே வேலை செய்தது. கூடம் முழுக்கச் செருப்புச் சத்தம். கரையோரத்து அணிக்காரர்கள் சாப்பிட்டதை அப்படியே விட்டுவிட்டு ஹோல்ம்க்விஸ்டின் முகவரைத் தேடி ஓடினார்கள். மரகாயை எல்லோரும் மறந்தார்கள். ஆம்ப்ரோஸ் டெனிஸின் முதுகில் ஒன்று வைத்தார். டெனிஸ் மதியம் தேன் ஊற்றி இரண்டு வாஃபிள் அப்பம் சாப்பிட்டார். மாத்திரை டப்பாவைக்கூட அறையிலேயே விட்டுவிட்டு வந்தார். அதுதான் அவருடைய முதல் தவறு என்று பிறகு அவர் சொல்லிக்கொள்வதுண்டு. மற்றவை எல்லாம் தொலைபேசியை எடுத்த இரண்டாவது தவறிலிருந்து தொடங்குகின்றனவாம்.

தொலைபேசி அடித்தது. லோரெய்ன்.

“டெனிஸ், யாரு அது?”

“எது யாரு?”

“மர்ம அணி. கிப் லாண்ட்ரி போட்டிருக்கான். ஹோல்ம்க்விஸ்ட்ட எவனோ கொத்திக்கிட்டுப் போகப் போறானாம். நீ அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?”

“அதெல்லாம் சும்மா கெளப்பி விடறது, லோரெய்ன்.”

“கிப் சும்மா போட மாட்டான். அவன் பொய் சொல்லி நான் பாத்ததில்ல.”

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். டெனிஸ் வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

“யாரும் எதிர்பாக்காத டீம்னு போட்டிருக்கான். நம்மளத்தான் யாரும் எதிர்பாக்க மாட்டாங்க! அப்ப அது நாமளாத்தானே இருக்கணும்? மூணு வருஷமா பொறுமை பொறுமைன்னு சொல்லிச் சொல்லியே என் காலத்த முடிச்சிருவ போல. நானே வரேன்.”

“வேண்டாம், இங்க ஒரே கூட்டமா—”

வைத்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனியின் சின்ன விமானத்தில் வந்து இறங்கினாள். சிவப்புக் கோட்டு. பின்னால் இரண்டு பேர் ஐஸ் பெட்டிகளில் ஆப்பிள் பை தூக்கி வந்தார்கள். எங்கே போனாலும் தன் பையோடுதான் போவாள். நேராக ஹோல்ம்க்விஸ்டின் முகவர் சால் பெருஸியின் அறைக்குப் போகவேண்டும் என்றாள். டெனிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஹோல்ம்க்விஸ்டை வாங்கினால் கிஹாதாவுக்கு விமான டிக்கெட் எடுக்கக்கூடப் பணம் மிஞ்சாது. இதை வெளியே சொல்லவேண்டுமானால் கிஹாதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கிஹாதாவைப் பற்றிச் சொன்னால் கிப்பிடம் ஏன் போனேன் என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் தேநீர் வரைக்கும் தாங்காது. மென்று விழுங்கினார்.

சால் பெருஸி பருத்த மனிதர். வருகிறவர்களைப் பயமுறுத்துவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பேச்சு சூடுபிடிக்கும்போது ‘ஒரு நிமிஷம், இன்னொரு டீம்’ என்று பக்கத்து அறைக்குப் போய்த் தொலைபேசியில் சத்தமாகச் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் அந்தத் தெம்பு இல்லை. லோரெய்ன் கை கழுவ எழுந்து போனதும், அவர் டெனிஸின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார்.

“டெனிஸ், நீ நல்ல மனுஷன். நமக்குள்ளயே இருக்கட்டும். அந்த மர்ம டீம் யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“என்னைக் கேக்கறியா? உனக்கே தெரியாதா?”

“அட, அதான்யா என் பிரச்சினையே! இத்தன வருஷமா மர்ம டீமை நான்தான் செய்யறேன். என் சொந்தச் சரக்கு. இந்த வருஷம் வியாழக்கிழமை எடுத்து விடலாம்னு வெச்சிருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள கிப் போட்டுட்டான். நான் கட்டி விடலன்னா அப்ப இது நெசம்தானே?”

“அப்படியா சொல்ற?”

“பின்ன? எங்கேயோ ஒருத்தன் நெசமாவே உக்காந்திருக்கான். இன்னும் எனக்கு ஒரு ஃபோன்கூடப் பண்ணல. எவ்வளவு பெரிய கையா இருந்தா ஃபோன்கூடப் பண்ணாம இருப்பான்! நெனச்சாலே புல்லரிக்குது. அவன் வர்ற வரைக்கும் நான் எவனுக்கும் சரின்னு சொல்றதா இல்ல.”

டெனிஸ் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். குதித்தால் பொய் ஆற்றில்தான் விழவேண்டும். முழங்கால் ஆழம்கூட இருக்காது.

லோரெய்ன் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தன் விலையைச் சொன்னாள். சால் உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“நல்ல விலைதான், மேடம். ஆனா இன்னொருத்தங்க இருக்காங்க. அவங்க இத விட்டு மேல போவாங்கன்னு என் மனசு சொல்லுது.”

“ஒப்பந்தத்துல ஒரு வருஷம் கூட்டிக்கறேன்.”

டெனிஸ் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

“அவங்க ரெண்டு வருஷம்கூடக் கூட்டலாம்,” என்றார் சால்.

“அவங்க யாரு அப்படி ஆகாசத்துலேருந்து குதிச்சவங்க? டெனிஸ், நீ என்ன சொல்ற? அவங்க கூட்டுவாங்களா?”

“கூட்ட மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது, லோரெய்ன்.”

“உனக்கென்ன தெரியும்! இன்னொரு வருஷம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இந்த விலை நிக்கும்.”

மேஜைக்கு இந்தப் பக்கம் விலை கேட்டது டெனிஸின் அணி. அந்தப் பக்கம் எதிர்த்துக் கேட்டதும் டெனிஸ்தான். நடுவில் இருந்தது லோரெய்னின் அப்பா மாவு பிசைந்து சம்பாதித்த பணம். தன்னைத்தானே இவ்வளவு நன்றாக எதிர்த்துப் போட்டியிட முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. வேறு எதிலும் அவர் இத்தனை விடாப்பிடியாக நின்றதில்லை.

வெளியே வரும்போது லோரெய்னின் சிவப்புக் கோட்டைக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். கிப்பும் பார்த்தான். அவர்கள் லிஃப்டில் ஏறுவதற்குள் அவன் போட்டுவிட்டான்: மர்ம அணி யாரென்று தெரிந்துவிட்டது. ஓமஹா நாரைகள்! கூடவே டெனிஸைப் பார்த்து, ‘என்கிட்டயே நடிச்சீங்களே’ என்பது போல் விரலை ஆட்டினான். டெனிஸ் சொன்ன பொய் ஒரே நாளில் உண்மையாகி, அச்சாகி, அவர் முகத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை காலை நீனா கூப்பிட்டாள். குரல் கத்திபோல் இருந்தது.

“மிஸ்டர் வாசெக், என் ஆளு இப்ப ஓமஹாவுல ஒரு ஆஸ்பத்திரி குழாய்க்குள்ள படுத்துக்கிட்டிருக்கான். நீங்க அங்க ஹோல்ம்க்விஸ்ட்டோட ஏஜென்ட் அறையில பை சாப்பிட்டுக்கிட்டிருக்கீங்க. என்ன நடக்குது?”

“நீனா, நான் உங்களுக்கு விளக்கமா—”

“நான் சொல்றேன் கேளுங்க. கரையோரத்து டீம் எனக்கு ஃபோன் பண்ணிச்சு.”

டெனிஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “எப்படி? அவங்கதான் ஹோல்ம்க்விஸ்ட் பின்னாடி ஓடிக்கிட்டிருந்தாங்களே!”

“ஓடினாங்க. ஹோல்ம்க்விஸ்ட் உங்களுக்குப் போறாருன்னு படிச்சதும் நின்னுட்டாங்க. அவங்களுக்கும் ஒரு பிட்சர் வேணுமில்ல? மரகாய்ல ஒருத்தனப் பாத்தது ஞாபகம் வந்திருச்சாம். உங்களவிட அதிகமா தரேங்கறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க யாதிருக்கு உங்ககிட்ட இடம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் அந்த முகவாய்க்காரனுக்கு அள்ளிக் குடுத்துட்டீங்களா?”

மாத்திரை டப்பாவைத் தட்டினார். தூள்தான் வந்தது. யாரை மறைப்பதற்காகக் கதையைக் கட்டினாரோ, அந்தக் கதையே ஆள் அனுப்பி அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இனி ஒரே வழிதான். லோரெய்ன் ஹோல்ம்க்விஸ்டை விடவேண்டும். அதற்கு லோரெய்னிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.

லோரெய்ன் ஹோட்டல் சமையலறையில் இருந்தாள். சால் பெருஸியை மசிய வைக்கத் தன் ஆப்பிள் பையைத் தானே சூடு பண்ணுவேன் என்று சமையல்காரரை ஓரம் கட்டிவிட்டு அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அந்த ஹோட்டலிலேயே நிருபர் இல்லாத ஒரே இடம் அதுதான். டெனிஸ் அதைக் கடவுள் செயலாக எடுத்துக்கொண்டார். கடவுள் தனக்குச் சாட்சி வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்பது கொஞ்சம் தள்ளித்தான் தோன்றியது.

“லோரெய்ன், அந்த மர்ம அணி—”

“யாருன்னு கண்டுபுடிச்சிட்டியா?”

“நான்தான்.”

“நாமதான்னு ஊருக்கே தெரியுமே.”

“அதுக்கும் முன்னாடி. கிப்கிட்ட மொதல்ல சொன்னது நான். அப்படி ஒரு டீமே இல்ல. நேத்து சால் அறையில நீங்க ரெண்டு வருஷம் கூட்டினது… எதிர்ல யாருமே இல்ல, லோரெய்ன். என்னை எதிர்த்துத்தான் கூட்டினீங்க.”

சமையல்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, அது என்னமோ மிக முக்கியமான வெங்காயம் என்பது போல், குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நீ பக்கத்துலயே உக்காந்திருந்தியே?” என்றாள் லோரெய்ன்.

“ஆமா.”

“வாயில என்னத்த வெச்சிருந்த?”

“மாத்திரை.”

அவள் அடுப்புக் கண்ணாடி வழியாகப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெனிஸுக்கு அவள் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“எதுக்கு?”

சொன்னார். மரகாய், மெதுவான பந்து, கரையோரத்து ஆள், எல்லாவற்றையும். சொல்லும்போதே கை தானாக அந்தப் பந்து வரும் வளைவைக் காற்றில் போட்டுக் காட்டியது.

“வேகம் எவ்வளவு?”

“வேகமே இல்ல.”

“தோளு?”

“தச்சது.”

“வயசு?”

“முப்பத்து மூணு.”

“இவனுக்காகவா என்கிட்டப் பொய் சொன்ன?”

“உங்ககிட்டச் சொல்லல. கிப்கிட்டதான்—”

“தெனமும் காலைல நான் அவனப் படிக்கறேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

மணி அடித்தது. அவள் துணியால் பிடித்துப் பையை வெளியே எடுத்தாள். ஓரம் கருகியிருந்தது.

“உன்ன என்ன பண்றதுன்னு இப்ப எனக்குத் தோணல. கோவத்துல நான் எதையும் தூக்கி எறியறதில்ல, அப்புறம் நிதானமா எறிவேன். சாயங்காலம் வரைக்கும் நீதான் மேனேஜர். போய் அந்த ஆளப் புடி. நான் பெருஸிகிட்டப் போய் நாங்க விலகிக்கறோம்னு சொல்றேன்.” பையைக் கையில் எடுத்தாள். “இதையும் அவனுக்கே குடுக்கறேன். இத வேற யாருக்குக் குடுக்க முடியும்?”

சால் பெருஸி அவள் சொன்னதை நம்பவில்லை என்று பிற்பாடு தெரியவந்தது. விலகுகிறவள் எதற்காகக் கையோடு சூடான பை கொண்டு வரவேண்டும்? இது ஏதோ பெரிய ஆட்டம் என்று முடிவு கட்டி, கரையோரத்து அணியைக் கூப்பிட்டு, ஓமஹாக்காரி வெறியோடு இருக்கிறாள் என்று சொன்னார். அவர்களும் மதியத்துக்குள் ஹோல்ம்க்விஸ்டை எடுத்துக்கொண்டார்கள். வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சால் பொய் கலக்காமல் ஒரு விலை வாங்கியிருந்தார். அப்படித்தான் அவர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஹோல்ம்க்விஸ்டை எடுத்த பிறகும் அந்த அணி கிஹாதாவை விடுவதாக இல்லை. பணக்காரர்களுக்கு ஒரு தொடக்க வீச்சாளர் போதும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

கூடத்தில் பேச முடியாது. நீனாவின் வாடகைக் காரில், வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில், இருவரும் முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். டெனிஸ் முதலில் ஓமஹா மருத்துவரைக் கூப்பிட்டார்.

“தோளு எப்படி இருக்கு, டாக்?”

“இத வெச்சு நான் ஒரு வருஷம் பாடம் நடத்தலாம். அவ்வளவு விஷயம் இருக்கு உள்ள.”

“வீச முடியுமா?”

“இப்ப முடியுது. ஆகஸ்ட்ல முடியுமான்னு ஆகஸ்ட்ல கேளு.”

டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். பிறகு நீனா கிஹாதாவைக் கூப்பிட்டு, தொலைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“தலைவரே!” என்றது கிஹாதாவின் குரல். “என்ன ஊரு இது? மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“ஏப்ரல்ல சரியாயிரும், யாதிர்.”

“ஏப்ரல்லயுமா குளிரும்?”

“கொஞ்சம்.”

நீனா இரண்டு அணிகளின் விலையையும் சொன்னாள். ஓமஹாவின் விலை கொஞ்சமல்ல, நன்றாகவே குறைவு. டெனிஸிடம் அதற்கு மேல் இல்லை. நீனா காரின் சூடேற்றியைக் கூட்டினாள்.

“தலைவரே, ஒண்ணு கேக்கறேன்,” என்றார் கிஹாதா. “நான் வீசும்போது மத்தவங்க எல்லாம் மெஷின்ல வேகத்தப் பாத்துட்டுச் சிரிப்பாங்க. நீங்க பந்தப் பாத்துச் சிரிச்சீங்க. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். ரெண்டு ஆட்டம் சரியா போகலன்னா என்னைத் தூக்கிப் போடாம இருக்க ஒரு ஆளு வேணும். ஏப்ரல்ல நீங்க இருப்பீங்கல்ல?”

‘இருப்பேன்’ என்ற சொல் டெனிஸின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அந்த வாரம் அவர் நாக்குக்கு நல்ல பயிற்சி. ஐந்தே எழுத்து. அதைச் சொன்னால் ஆள் கிடைத்துவிடும். தன் பந்தைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆளை நம்பி, அந்த மனிதர் தைத்த தோளோடு பனியில் வந்து நிற்பார். வந்து பார்த்தால் மேலாளர் அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

“தெரியாது, யாதிர்,” என்றார். “இன்னிக்குக் காலைல ஒரு பெரிய தப்புல மாட்டிக்கிட்டேன். அநேகமா இருக்க மாட்டேன்.”

நீனா அவரை, மயாமியில் வீடு பார்க்க வந்தவர்களிடம் கூரை ஒழுகும் என்று தானே சொல்லும் வீட்டுக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தாள். டெனிஸ் தன் அலுவலக மேஜையில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். அதைக் காலி செய்ய ஒரு பெட்டி போதும் என்று தோன்றியது.

“நீனா,” என்றார் கிஹாதா, “அந்த இன்னொரு டீமுக்குப் போனா மறுபடி ஸ்கேன் எடுப்பாங்களா?”

“எடுப்பாங்க. அவங்க டாக்டர் பாக்கணுமில்ல.”

“அதே குழாயா?”

“வேற குழாய். ஆனா குழாய்தான்.”

“அப்ப இங்கேயே போட்டுரு.”

“டேய், பணம் எவ்வளவு கம்மின்னு உனக்குப் புரியுதா?”

“உனக்குத்தான் புரியல. செத்தவனப் படுக்க வெக்கற மாதிரி உள்ள தள்ளி, டக்கு டக்குன்னு மண்டையில அடிக்கறாங்க. மூச்சு விடாதேங்கறாங்க. நான் முழு நேரமும் கன்னி மரியாளக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் தடவ கூப்பிட்டா அவங்களே சலிச்சுக்குவாங்க. போடு கையெழுத்த.”

நீனா பெருமூச்சு விட்டாள். டெனிஸுக்கு ஒரு நொடி, தான் சொன்ன உண்மைதான் ஆளைக் கொண்டுவந்தது என்று நம்ப ஆசையாக இருந்தது. குழாய்தான் கொண்டுவந்தது. போகட்டும், உண்மை அவரை விரட்டவில்லையே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. காரின் சூடேற்றியாக இருக்கும்.

“ஒரு கோட்டு வாங்கிக் குடுங்க தலைவரே,” என்றார் கிஹாதா. “போறதுக்கு முன்னாடி.”

பொழுது சாயும்போது கம்பெனியின் சின்ன விமானம் ஓமஹாவை நோக்கிக் கிளம்பியது. ஆம்ப்ரோஸ் ஏறியதுமே கடைசி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. டெனிஸ் லோரெய்னுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கையெழுத்தாகிவிட்டது என்று அவர் சொன்னபோது தலையை மட்டும் அசைத்திருந்தாள். மாத்திரை தீர்ந்துபோயிருந்ததால் டெனிஸ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

மிசௌரி ஆற்றின் மேல் வந்தபோது அவள் திரும்பினாள்.

“மூணு பேரு போனாங்க. ஒருத்தன் வந்திருக்கான். மிச்ச ரெண்டு?”

“தேடணும்.”

“யாரு தேடறது?”

அது கேள்வியா, தீர்ப்பா என்று டெனிஸுக்குப் புரியவில்லை. பொத்தான் கையோடு வந்துவிட்டது.

“நான்தான்னு… நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

லோரெய்ன் அவர் கையிலிருந்த பொத்தானைப் பார்த்தாள். “ஃபோன எடு.”

எடுத்தார்.

“கிப் லாண்ட்ரி நம்பர அழி. என் கண்ணு முன்னாடி.”

அழித்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் சரி என்று சொல்லிவிட்டு இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து ஆம்ப்ரோஸ் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

டெனிஸ் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். அந்த எண் பல வருடங்களாகத் தனக்கு மனப்பாடம் என்பதை இப்போதே சொல்லிவிடுவதுதானே நியாயம் என்று யோசித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு உண்மை போதும் என்று தோன்றியது.